தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே தாவாக்கட்டை, ஆனா ஒரே வைத்தியம் இல்லைங்க

அம்மாபேட்டைல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பொண்ணுக்கு 12 வயசு ரெண்டு மாசம், ஏழாவது படிக்குது, மேல் பல்லு முன்னாடி தள்ளிக்கிட்டு தாவாக்கட்டை உள்ள போன மாதிரி இருக்கு. அவங்க தம்பிக்கும் அச்சு அசலா அதே முகம், 27 வயசு, செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைல வேலை, வீட்டுல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு டாக்டர் "எல்லா பல்லும் முளைக்கட்டும், 16 வயசுல கிளிப் போட்டுக்கலாம்"னாராம், இன்னொருத்தர் "இப்பவே பிளேட் போடணும், நாள் கடத்தாதீங்க"னாராம். மாமியார் "பொண்ணு வயசுக்கு வந்து சீர் முடியட்டும், அப்புறம் வாய்ல கம்பிய மாட்டுங்க"ங்கறாங்களாம். தம்பி "பாப்பாவுக்கு போடற பிளேட்டையே எனக்கும் போட்டா சரியாயிடுமா"ன்னு கேக்கறாராம். யார் பேச்ச கேக்கறதுன்னே தெரியலங்க டாக்டர்னு எழுதியிருந்தாங்க.

நான் சேலத்துல 19 வருஷமா பல் சீரமைப்பு மட்டும்தான் பாக்கறேன், இந்த கேள்வி எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வருது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன், பொறுமையா படிங்க.

நீங்க அனுப்பின பக்கவாட்டு போட்டோவும், ரிப்போர்ட்ல முன்பல்லு இடைவெளி 9 எம்எம்னு எழுதியிருக்கறதையும் வச்சு சொல்றதா இருந்தா உங்க பொண்ணு விஷயத்துல ரெண்டாவது டாக்டர் சொன்னதுதான் சரி. முதல் டாக்டர் சொன்னது தப்பான வைத்தியம்னு இல்லைங்க, பல்லு மட்டும் கோணல்மாணலா இருக்கற பிள்ளைக்கு எல்லா பல்லும் முளைக்கட்டும்னு காத்திருக்கறது நல்ல யோசனைதான், பல்லு எந்த வயசுலயும் நகரும், நான் 50 வயசுக்காரங்களுக்கும் கிளிப் போட்டிருக்கேன். ஆனா தாடை எலும்பு வளர்றதுக்குன்னு ஒரு காலம் இருக்கு, அது போச்சுன்னா போச்சுதான், உங்க பொண்ணு இப்ப அந்த காலத்துக்குள்ள நிக்குது.

நம்ம ஊர்ல இத எத்துப்பல்லுன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க, அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது. மேல் பல்லு முன்னாடி தள்ளியிருக்கறதா கண்ணுக்கு தெரியும், ஆனா நிறைய பேருக்கு மேல் பல்லும் மேல் தாடையும் இருக்க வேண்டிய இடத்துலயேதான் இருக்கும், கீழ்த்தாடைதான் பின்தங்கிப் போயிருக்கும். சாதாரணமா மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல 2லிருந்து 3 எம்எம் இடைவெளி இருக்கும், உங்க பாப்பாவுக்கு 9. இந்த இடைவெளிக்குள்ள கீழ் உதடு போயி மடங்கி உக்காந்துக்கும், உக்காந்துக்கிட்டு மேல் பல்ல இன்னும் வெளிய தள்ளும், கீழ் பல்ல உள்ள தள்ளும். வாய நல்லா மூடுன்னு சொல்லி பாருங்க, உதடு ரெண்டும் சேர்றதுக்கு கஷ்டப்பட்டு தாவாக்கட்டை தோல்ல புள்ளிப் புள்ளியா குழி விழும்.

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாக்கலாம். பாப்பாவ நேரா உக்கார வச்சு பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் கீழ்ப்பல்லு மேல்பல்லு நுனிக்கு நேரா வர்ற வரைக்கும் தாடைய முன்னாடி கொண்டு வரச் சொல்லி, உதட்ட லேசா மூடச் சொல்லி இன்னொரு போட்டோ எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டாவதுல முகம் எடுப்பா இருந்துச்சுன்னா குறை கீழ்த்தாடைலதான், தாடைய முன்னாடி கொண்டு வர்ற பிளேட் நல்லா வேலை செய்யும். அதுல வாய்ப்பகுதி இன்னும் துருத்திக்கிட்டு தெரிஞ்சா மேல் தாடையும் முன்னாடி இருக்குன்னு அர்த்தம், அப்ப வேற மாதிரி யோசிக்கணும். நாங்க கிளினிக்ல முதல் நாளே செய்யறது இதுதான், பெத்தவங்க அந்த ரெண்டாவது போட்டோவ பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க, அப்புறம் "இப்படி ஆயிடுவாளா டாக்டர்"னு கேப்பாங்க. அப்படியே ஆயிடுவான்னு நான் சொல்றதில்ல, அந்த திசைல போகும்னு சொல்லுவேன்.

அடுத்தது எக்ஸ்ரே. தலைய ஒரு பக்கமா அசையாம நிறுத்தி எடுக்கறது, லேட்டரல் செஃப்னு பேரு. அதுல மண்டையோட அடிப்பகுதிய வச்சு ஒவ்வொரு தாடையும் எவ்வளவு முன்னாடி இருக்குன்னு கோணம் போடுவோம், மேல் தாடைக்கு 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80 டிகிரி, வித்தியாசம் 2 டிகிரின்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். வித்தியாசம் 4-ஐ தாண்டி போச்சுன்னா தாடைங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னு எடுத்துக்குவோம். இதே எக்ஸ்ரேல கழுத்து எலும்பும் தெரியும், அதுதான் வயசு விஷயத்துல எங்களுக்கு பெரிய உதவி. சின்ன பிள்ளைங்களுக்கு கழுத்து எலும்போட அடிப்பக்கம் தட்டையா இருக்கும், வளர வளர ரெண்டாவது எலும்பு, மூணாவது, நாலாவதுன்னு வரிசையா அடியில குழி விழ ஆரம்பிக்கும். ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் குழி விழுந்து நாலாவது இன்னும் தட்டையா இருந்தா தாடை வேகமா வளரப் போற நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். பிறந்த தேதிய விட இது முக்கியம்ங்க, 12 வயசுல ஒரு பிள்ளை வளர்ச்சிய முக்காவாசி முடிச்சிருக்கும், இன்னொண்ணு ஆரம்பிச்சே இருக்காது.

இப்ப உங்க மாமியார் சொன்ன விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் நான் பாத்து பாத்து வருத்தப்பட்டிருக்கேன். பொம்பள பிள்ளைங்களுக்கு உயரம் வேகமா ஏறற காலம் சராசரியா 12 வயசையொட்டி வருது, பசங்களுக்கு 14 வாக்குல. கீழ்த்தாடையும் ஏறக்குறைய அதே சமயத்துலதான் வேகமா வளருது. பிள்ளை வயசுக்கு வர்றது இந்த வேகம் ஆரம்பிக்கற அடையாளம் இல்ல, வேகம் உச்சத்துக்கு போயி இறங்க ஆரம்பிச்சதோட அடையாளம், உச்சம் தாண்டி பெரும்பாலும் ஒரு வருஷம் கிட்ட ஆனப்புறம்தான் அது நடக்குது. அப்ப வயசுக்கு வந்து, சீர் வச்சு, மாமன் தட்டு வரிசையோட வந்து, ஆல்பம் போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சு அப்புறம் பிளேட்னா, எந்த ஒரு வருஷம் நமக்கு வேணுமோ சரியா அந்த வருஷத்ததான் நாம விட்டுடறோம். பெரியவங்க கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, பிள்ளை போட்டோல நல்லா இருக்கணும்னு ஆசைப்பட்டு சொல்றாங்க. அவங்ககிட்ட இப்படி சொல்லுங்க: இது கழட்டி மாட்டற பிளேட், சடங்கு அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கழட்டி வச்சுக்கலாம், போட்டோல கம்பி தெரியாது, இப்ப ஆரம்பிச்சா அந்த போட்டோல தாவாக்கட்டையும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கும். என்கிட்ட வர்ற அம்மாக்கள்கிட்ட நான் "பொண்ணு வயசுக்கு வந்துட்டாளா, எத்தனை மாசம் ஆச்சு, போன ஜூன்ல தச்ச யூனிபார்ம் இப்ப எவ்வளவு ஏறிடுச்சு"ன்னு கேப்பேன், பல்லு டாக்டர் எதுக்கு இதெல்லாம் கேக்கறார்னு கூச்சப்படுவாங்க, காரணம் இதுதான். ஏற்கனவே வயசுக்கு வந்துட்ட பிள்ளையா இருந்தாலும் கதவு உடனே சாத்திடாது, அப்புறமும் ஒண்ணு ரெண்டு வருஷம் வளர்ச்சி மெதுவா போகும், ஆனா அங்க ஒரு மாசத்த கூட வீணாக்கக்கூடாது.

பிளேட்னா என்னன்னு சொல்றேன். ட்வின் பிளாக்னு பேரு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டுலயும் கடைவாய் பக்கம் பிளாஸ்டிக்ல மேடு இருக்கும், அந்த மேடு சரிவா வெட்டியிருக்கும், 70 டிகிரி வாக்குல. வாய மூடினா ரெண்டு சரிவும் ஒண்ணோட ஒண்ணு உரசி கீழ்த்தாடை முன்னாடி வந்துதான் ஆகணும், பின்னாடி கடிக்கவே முடியாது. இத கண்டுபிடிச்சவர் ஸ்காட்லாந்துல வில்லியம் கிளார்க்னு ஒரு டாக்டர், 1977ல. அவரோட சக டாக்டர் ஒருத்தரோட பையன் கீழ விழுந்து மேல் முன்பல்லு பேந்து போச்சு, பல்ல திரும்ப வச்சாங்க, ஆனா கீழ் உதடு பல்லுக்கு பின்னாடி போயி போயி தள்ளினதுல பல்லு நிக்க மாட்டேங்குது, அந்த உதட்டுகிட்ட இருந்து பல்ல காப்பாத்த தாடைய முன்னாடி கொண்டு வரணும்னு யோசிச்சதுலதான் இந்த பிளேட்டே பிறந்துச்சு. துருத்தின பல்லு விழுந்தா உடையும்ங்கறது வெறும் பயமுறுத்தல் இல்ல. ஸ்கூல்ல ஓடறப்ப, சைக்கிள்ல போறப்ப கீழ விழுந்தா முதல்ல தரைல படறது அந்த ரெண்டு பல்லுதான், பாதி உடைஞ்ச முன்பல்லோட எத்தனையோ பிள்ளைங்கள பாத்தாச்சு.

முதல் நாள் எப்படி இருக்கும்னு சொன்னா பாப்பாவ தயார் பண்ண உங்களுக்கு உதவியா இருக்கும். சுடுதண்ணில மெழுக இளக்கி குதிரை லாடம் மாதிரி வளைச்சு வாய்ல வைப்போம், தாடைய முன்னாடி கொண்டு வந்து மெதுவா கடிக்க சொல்லுவோம், கண்ணாடிய கைல குடுத்து அவளே பாத்து பாத்து கடிக்கணும், ரெண்டு மூணு தடவை தப்பா வரும், பரவால்ல. பல்லு அச்சோட இந்த மெழுகு கடியையும் வச்சுதான் பிளேட் செய்யறாங்க. 9 எம்எம்க்கு ஒரே தடவைல முழுசா முன்னாடி கொண்டு வருவாங்க இல்லன்னா ரெண்டு கட்டமா கொண்டு வருவாங்க, அது டாக்டர் முடிவு. மாட்டின முதல் வாரம் எச்சி ஒழுகும், "ச" வராது, தமிழ் மிஸ் செய்யுள் ஒப்பிக்க சொன்னா பாவம் தவிச்சுப் போயிடும், மிஸ்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லி வச்சிருங்க. காலைல எந்திரிச்சா காதுக்கு முன்னாடி தாடை மூட்டுல வலி இருக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல எல்லாம் பழகிடும். சாப்பிடும்போதும் மாட்டிக்கிட்டேதான் சாப்பிடணும், மெல்லும்போது வர்ற அழுத்தம்தான் வேலை செய்யற அழுத்தம், பல்லு விளக்க மட்டும்தான் கழட்டணும். ராத்திரி மட்டும் போட்டா போதாதான்னு எல்லாரும் கேக்கறாங்க, போதாதுங்க.

எனக்கு மறக்காத ஒரு பையன் உண்டு. ஏற்காட்டுல ஹாஸ்டல்ல தங்கி படிச்சான், 13 வயசு, நல்ல வளர்ற பருவம். மாசம் ஒரு சனிக்கிழமை பஸ்ல கீழ இறங்கி வருவான், 20 ஹேர்பின் பெண்டு, பாதி வழில வாந்தி வந்திருக்கு, பிளேட்ட கழட்டி டிஷ்யூல சுத்தி சீட்டுல வச்சவன் அப்படியே மறந்து இறங்கிட்டான். புதுசு செய்யணும், நடுவுல பரீட்சை வந்துச்சு, அப்புறம் லீவுக்கு ஊருக்கு போயிட்டான், மொத்தமா மூணு மாசம் போயிடுச்சு, அதுக்குள்ள முன்னாடி வந்த தாடை பாதி பழைய இடத்துக்கு போயிடுச்சு. அன்னைல இருந்து பிளேட் குடுக்கும்போதே பளிச்சுன்னு மஞ்சள் கலர்ல ஒரு டப்பாவும் குடுத்துடறேன், "வாய்ல இல்லன்னா டப்பால, மூணாவது இடமே கிடையாது"ன்னு பிள்ளைய திருப்பி சொல்ல வச்சுதான் அனுப்பறேன். காணாம போற பிளேட்ல நிறைய டிஷ்யூ பேப்பர்லயும் ஹோட்டல் வாழை இலைலயும் சுருட்டி தூக்கிப் போட்டதுதான்.

பத்து மாசம் ஒரு வருஷம் ஒழுங்கா போட்டா 9 எம்எம் 3க்கு வந்துடும். அப்புறம் ஒரு ஒன்றரை வருஷம் வாக்குல சாதாரண கிளிப் போட்டு பல்ல வரிசைப்படுத்துவாங்க. இதுல நான் ஒளிக்காம சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. பிளேட் போட்டா தாடை அப்படியே நீளமா வளந்துடும்னு சில பேர் சொல்றாங்க, அது அவ்வளவு உண்மை இல்ல. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுல ஃப்ளோரிடா, வட கரோலினாவுலயும் பிள்ளைங்கள குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு வருஷக்கணக்கா பாத்த பெரிய ஆராய்ச்சிங்க இருக்கு. இங்கிலாந்து ட்வின் பிளாக் ஆராய்ச்சில அந்த இடைவெளி குறைஞ்சதுல ஏறக்குறைய கால் பங்குதான் எலும்பால, முக்கால் பங்கு பல்லு நகந்ததால. இந்த ஆராய்ச்சிங்கள எல்லாம் சேத்து பாத்ததுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, 8, 9 வயசுலயே அவசரப்பட்டு ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்கும் 12, 13ல ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்கும் கடைசில தாடைல பெரிய வித்தியாசம் இல்ல, முன்பல்லு அடிபடறது மட்டும் சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்கு குறைஞ்சிருந்துச்சு. அதனால மூணாவது படிக்கற பிள்ளைய கூட்டிட்டு வந்து இப்பவே போடுங்கன்னு சொல்றவங்கள நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவேன், பல்லு ரொம்ப துருத்திக்கிட்டு உடையற மாதிரி இருந்தாலோ, ஸ்கூல்ல பிள்ளைங்க கிண்டல் பண்ணி மனசு ஒடிஞ்சு போயிருந்தாலோ மட்டும் சீக்கிரம் ஆரம்பிப்பேன்.

கால் பங்குதானே எலும்பு, அதுக்கா இவ்வளவு பாடுன்னு நினைக்காதீங்க. வளர்ற காலத்துல கீழ்த்தாடை தானாவும் முன்னாடி வருது, அந்த வளர்ச்சிய பல்லு பூட்டிக்கிட்டு வீணாக்காம நாம பயன்படுத்திக்கறோம், உதடு மூட ஆரம்பிக்குது, நல்ல பல்ல பிடுங்காம வேலை முடிய வாய்ப்பு கிடைக்குது. நடுத்தரமான குறையா இருந்தா நாளைக்கு ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியதில்ல. ரொம்ப பெரிய குறையா இருந்தா பிளேட் போட்டும் 18க்கு மேல ஆபரேஷன் தேவைப்படலாம், அத முதல் நாளே சொல்ற டாக்டர்கிட்ட போங்க.

15, 16ல வர்ற பிள்ளைங்க நடுவுல மாட்டிக்கிட்டவங்க. பசங்களுக்கு அப்பவும் வளர்ச்சி மிச்சம் இருக்கும், பொண்ணுங்களுக்கு அனேகமா முடிஞ்சிருக்கும். அவங்களுக்கு கிளிப்போட சேத்து மாட்டற ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு இருக்கு, கழட்ட முடியாது, ஆறு ஏழு மாசம் இருக்கும். அது நல்ல வேலை செய்யும், ஆனா அந்த வயசுல அது நகர்த்தறது பெரும்பாலும் பல்லுதான், கீழ் முன்பல்லு வெளிய சாயும், அந்த சாய்வு எவ்வளவு தாங்கும்னு ஈறையும் எலும்பையும் பாத்துதான் போடணும்.

இப்ப உங்க தம்பி. 27 வயசுல தாடை வளர்ச்சி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு, பாப்பாவோட பிளேட் அவருக்கு போட்டா தாடை நீளாது. என்ன ஆகும்னா முன்னாடி கொண்டு வந்து கடிக்க பழகிடுவார், கண்ணாடில பாத்தா சரியாயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா சாப்பிடும்போதும் அசந்து தூங்கும்போதும் தாடை பழைய இடத்துக்கே போயிடும், ரெண்டு விதமா கடிக்கற பழக்கம் வந்து மூட்டு வலிதான் மிஞ்சும். யூட்யூப்ல நாக்க மேல ஒட்டி வச்சா தாடை முன்னாடி வரும், மியூயிங் பண்ணுங்கன்னு வர்றத பாத்துட்டு வர்ற பசங்க இப்ப ஜாஸ்தி, வளர்ச்சி முடிஞ்ச தாடைய நாக்கால நகர்த்த முடியும்னு எந்த ஆதாரமும் கிடையாது, அதுல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் போக்கடிக்க வேண்டாம்.

அவருக்கு இருக்கறது ரெண்டு வழி. ஒண்ணு, தாடைய அப்படியே விட்டுட்டு பல்ல மட்டும் சரி பண்ணி குறைய மறைக்கறது. மேல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சின்ன கடவாய்ப் பல்ல எடுத்துட்டு, இல்லன்னா எலும்புல சின்ன ஸ்க்ரூ போட்டு, முன்பல்ல பின்னாடி இழுப்போம். ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகும். குறை சின்னதா இருந்து, மேல் உதடு நல்லா தூக்கலா இருக்கறவங்களுக்கு இது அருமையான வைத்தியம், எந்த வருத்தமும் இல்லாம நான் செய்யறேன். ஆனா மூக்கு கொஞ்சம் நீளம், மேல் உதடு ஏற்கனவே தட்டை, தாவாக்கட்டை நல்லா உள்ள இருக்குன்னா பல்ல பின்னாடி இழுக்க இழுக்க உதடும் உள்ள போகும், மூக்கு இன்னும் பெருசா தெரியும், பல்லு சரியாயிடும் முகம் வயசானவங்க மாதிரி ஆயிடும்.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, 29 வயசு, 17 வயசுல வேற ஊர்ல ஒரு கிளினிக்ல மேல ரெண்டு பல்ல எடுத்து கிளிப் போட்டிருக்காங்க. பல்லு நேரா, அழகா, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அந்த பொண்ணு சிரிக்கறப்ப கையால வாய மூடுது, பல்லுக்காக இல்ல, பக்கவாட்டுல யாரும் பாத்துடக் கூடாதுன்னு. தாடைய ஆபரேஷன்ல முன்னாடி கொண்டு வரலாமான்னு கேட்டுச்சு. கொண்டு வரலாம், ஆனா மேல் பல்ல பின்னாடி இழுத்து வச்சுட்டதால கீழ்த்தாடை முன்னாடி வர இடமே இல்ல, முதல்ல எடுத்த பல்லோட இடத்த திரும்ப திறந்து, முன்பல்ல முன்னாடி தள்ளி, அப்புறம்தான் ஆபரேஷன். 17 வயசுல யாராவது அந்த பொண்ணோட அப்பா அம்மாவ உக்கார வச்சு ரெண்டு வழியையும் சொல்லியிருக்கணும்ங்க. அதனால உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, பல்ல எடுக்கற நாளுக்கு முன்னாடியே எந்த வழின்னு முடிவு பண்ணியாகணும், ஏன்னா ரெண்டு வழியும் எதிர் எதிர் திசைல போகுது.

ரெண்டாவது வழி ஆபரேஷன். 1957ல இருந்து பழக்கத்துல இருக்கற முறை, ஒப்வெகேசர்ங்கற டாக்டர் கொண்டு வந்தது, அப்புறம் நிறைய திருத்தியிருக்காங்க. முழு மயக்கம் குடுத்து, வாய்க்குள்ளயே கிழிச்சு, கீழ்த்தாடை எலும்ப ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லுக்கு பின்னாடி பலாச்சுளைய பிளக்கற மாதிரி நீளவாக்குல பிளந்து, பல்லு இருக்கற பகுதிய முன்னாடி நகர்த்தி டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவாங்க. வெளிய தழும்பு இருக்காது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கிளிப் போடணும், இங்கதான் முன்கூட்டியே சொல்லலன்னா பெரிய மனவருத்தம் வரும்: தாடை பின்தங்கினவங்களுக்கு கீழ் முன்பல்லு அத ஈடு கட்ட முன்னாடி சாஞ்சிருக்கும், அத நிமித்தி பின்னாடி கொண்டு போகணும், அப்ப 9 எம்எம் இருக்கறது 12 ஆகும். ஒரு வருஷம் முகம் முன்ன விட மோசமாத்தான் தெரியும். உங்க வீட்டுல பொண்ணு பாக்கற நேரம், பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற சமயத்துல இப்படி இருக்கும்னு தம்பிக்கும் உங்க அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு அவர்தான் முடிவு பண்ணணும், ரெண்டு விதமாவும் செஞ்சவங்க என்கிட்ட இருக்காங்க.

ஆபரேஷனுக்கப்புறம் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கும், ரெண்டு வாரத்துல பெரும்பகுதி வடிஞ்சிடும், நாலுலிருந்து ஆறு வாரம் கஞ்சி, ஜூஸ், குழைச்ச சாதம்னுதான் ஓடும். பட்டறை வேலைக்கு ஒரு மாசமாவது லீவு சொல்லி வச்சிடச் சொல்லுங்க. கீழ் உதட்டுக்கும் தாவாக்கட்டைக்கும் போற நரம்பு அந்த எலும்புக்குள்ளயேதான் ஓடுது, அதனால ஆபரேஷன் முடிஞ்சதும் உதடு மரத்துப் போறது அனேகமா எல்லாருக்கும் நடக்கும், மாசக்கணக்குல மெதுவா திரும்பும், சில பேருக்கு கொஞ்சம் மரமரப்பு நிரந்தரமாவே நின்னுடும். உதடு அசையறது போகாது, தொடு உணர்ச்சிதான். இத தெரிஞ்சுக்கிட்டு சம்மதிக்கறவங்க பின்னாடி வருத்தப்பட்டு நான் அதிகம் பாக்கல, சொல்லாம விட்டவங்கதான் வருத்தப்படறாங்க. கடி சரியாத்தான் இருக்கு, தாவாக்கட்டை நுனி மட்டும் உள்ள இருக்குன்னா அந்த நுனிய மட்டும் வெட்டி முன்னாடி நகர்த்தற சின்ன ஆபரேஷனும் இருக்கு, அதையும் கேட்டுக்கட்டும்.

தம்பிகிட்ட இன்னும் ரெண்டு விஷயம் கேளுங்க. ராத்திரி சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்கற மாதிரி ஆகுதா, பகல்ல வேலை பாக்கறப்பவே கண்ணு சொக்குதா? தாடை பின்னாடி இருந்தா நாக்கும் பின்னாடி போயி தொண்டைல மூச்சு போற வழிய அடைக்கலாம், அப்படி இருந்தா இது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, தாடைய முன்னாடி கொண்டு வர்றதுக்கு அதுவே பெரிய காரணம். அடுத்தது, சின்ன வயசுல தாவாக்கட்டைல பலமா அடிபட்டுச்சா, வாய் முழுசா திறக்குதா? காதுகிட்ட இருக்கற மூட்டு குழந்தைல உடைஞ்சு சரியா கூடாம போனாலும் தாடை வளராம நின்னுடும், அதுக்கு பாதையே வேற. மாமன் மருமக ரெண்டு பேருக்கும் ஒரே முகம்னா பரம்பரைதான் காரணமா இருக்கும், இருந்தாலும் கேட்டு வச்சுக்கறது நல்லது.

நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சனையும் சொல்லணும். தருமபுரி, கிருஷ்ணகிரி, நம்ம சேலம் மாவட்டத்துல சில பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், பல்லுல பழுப்பா திட்டுத் திட்டா கறை இருக்கற பிள்ளைங்கள தினமும் பாக்கறோம். அந்த எனாமல்ல கிளிப் ஒட்டற பசை சரியா பிடிக்காது, அடிக்கடி பேந்துக்கும், அதுக்கு பல்ல தயார் பண்றதே கொஞ்சம் வேற மாதிரி செய்யணும். கிளிப் கழண்டு வந்தா ஒட்டினது சரியில்லன்னு கோவப்படறதுக்கு முன்னாடி இதையும் யோசிச்சு பாருங்க. அப்புறம் நம்ம சேலத்து நொறுக்குத்தீனி தட்டுவடை செட். சாயங்காலம் ஆனா நம்ம பிள்ளைங்களால அது இல்லாம இருக்க முடியாது, தெரியும். ட்வின் பிளாக் இருக்கும்போது பெரிய பிரச்சனை இல்ல, கிளிப் ஒட்டினப்புறம் முழு தட்டுவடைய முன்பல்லால கடிச்சா அன்னிக்கே ஒண்ணு பேந்துடும், நொறுக்கலா வாங்கி கடவாய்ல போட்டு மெதுவா மெல்லச் சொல்லுங்க. மாங்காயும் அப்படித்தான், கடிக்காம சீவி சாப்பிடணும்.

செலவ நினைச்சு தயங்கறீங்கன்னா பல் மருத்துவக் கல்லூரில காட்டுங்க, சேலம் பக்கத்துல அரியானூர்ல இருக்கு, சென்னைல அரசு கல்லூரி இருக்கு. அங்க படிக்கற பிஜி டாக்டருங்க செய்வாங்க, பெரிய டாக்டருங்க கூட நின்னு பாப்பாங்க, நேரம் கொஞ்சம் கூட ஆகும், வேலை நல்லாவே இருக்கும். தம்பிக்கு ஆபரேஷன்னு முடிவானா கிளிப் போடற டாக்டரும் ஆபரேஷன் பண்ற டாக்டரும் ஆரம்பத்துலயே ஒண்ணா உக்காந்து பாக்கற இடமா இருக்கணும், கல்லூரில அது சுலபம்.

எங்க போனாலும் பாப்பாவ இந்த மாசமே கூட்டிட்டு போங்க, தம்பிக்கு ரெண்டு மூணு மாசம் யோசிச்சாலும் எதுவும் குறைஞ்சிடாது, அவருக்கு அவசரமே இல்ல. போகும்போது அந்த பக்கவாட்டு போட்டோ ரெண்டையும், தம்பியோட 12, 13 வயசு போட்டோ ஏதாவது வீட்டுல இருந்தா அதையும் எடுத்துட்டு போங்க. மாமன் அந்த வயசுல எப்படி இருந்தார், அப்புறம் எப்படி வளந்தார்னு பாத்தா மருமகளோட தாடை எந்த பக்கம் போகும்னு டாக்டருக்கு நல்லா பிடிபடும்.